இருபத்து மூன்றாம் வில்லை

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் இருபத்தாறு பேர் வேலை பார்த்தார்கள். பேசியது ஒருவன் மட்டும்தான் என்று சொன்னால் மற்ற இருபத்தைந்து பேரும் மறுக்க மாட்டார்கள். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அவனுக்கும் ஒரு பெயர் இருப்பது தெரியும். ஆனால் எல்லாருக்கும் அவன் ரேடியோ. காலையில் பெல்ட்டை மாட்டும்போது வாயைத் திறந்தானென்றால் மாலையில் அதைக் கழற்றும்வரை மூட மாட்டான். குழாயை அலசும்போது ஒரு கதை, வண்டியைத் துடைக்கும்போது ஒரு கதை. எல்லாக் கதையிலும் நடுவில் அவன்தான் நிற்பான். தீயை அணைத்தது தண்ணீரா இவனா என்று கேட்பவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அவன் அப்பா கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர். கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்திருப்பார். வாடிக்கையாளரிடம்கூட விரலைக் காட்டித்தான் நாளைக்கு வா, மறுநாள் வா என்பார். அப்பா பேசாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் பிள்ளை சேர்த்து வைத்துச் செலவழிக்கிறான் என்று அம்மா சொல்வாள். வேலையில் அவன் குறை வைத்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவன். புகைக்குள் நுழையச் சொன்னால் ஒரு அடி பின்வாங்காதவன்.

அவனோடு ஜோடியாக உள்ளே போகிறவன் கொக்கு. ஆறடிக்கு மேல் உயரம், நீளமான கழுத்து. சும்மா நிற்கும்போது ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றிக்கொள்வான், பெயர் வந்தது அப்படித்தான். பதினோரு வருடம் இருவரும் ஒரே குழாயைப் பிடித்தார்கள். ரேடியோ முன்னால், கொக்கு பின்னால். ரேடியோ நூறு வார்த்தை பேசினால் கொக்கு "ம்" என்று ஒன்று சொல்வான். அந்த 'ம்' இல்லாவிட்டால் ரேடியோவுக்குக் கதை ஓடாது.

கொக்குக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அக்கா. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். நிலையத்தைத் தாண்டித்தான் அவள் தடம் போகும். எதிரிலேயே ஒரு நிறுத்தம். தாண்டும்போதெல்லாம் குட்டையாக இரண்டு ஹாரன் அடிப்பாள். உள்ளே கொக்கு எங்கே இருந்தாலும் ஓடிவந்து தீயணைப்பு வண்டியின் பித்தளை மணியை ஒரு தட்டு தட்டுவான். "இது என்ன விளையாட்டு மைதானமா?" என்று நிலைய அதிகாரி ஆரம்பத்தில் கத்திப் பார்த்தார். பிறகு அவரே, ஹாரன் கேட்டால், "போடா, கூப்பிடறாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இனி வில்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதனால்தான் நடந்தது.

அங்கே ஒவ்வொருவருக்கும் எண் குத்திய ஒரு பித்தளை வில்லை உண்டு. கொக்கு பதினேழு, ரேடியோ இருபத்து மூன்று. தீப்பிடித்த கட்டடத்துக்குள் போகிறவன் வண்டியருகே நிற்கும் பலகையில் தன் வில்லையை மாட்டி, எண்ணைச் சொல்லி, "உள்ளே" என்று கத்த வேண்டும். வெளியே வந்தால் முதல் காரியமாக அதை எடுத்து, "வெளியே" என்று கத்த வேண்டும். பலகைக்காரர் அதைத் திருப்பிச் சொல்வார். தண்ணீர் குடிப்பதற்கு முன், உட்காருவதற்கு முன், வாந்தி வந்தால் வாந்தி எடுப்பதற்கும் முன். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஆள் உள்ளே இருந்தால் மற்றவன் போவான். யாரும் சொல்லித்தான் போக வேண்டும் என்பதில்லை.

பலகைக்காரர் முப்பது வருட சர்வீஸ். ஒரு சுவர் விழுந்து முழங்கால் போனபின் பலகை அவர் கைக்கு வந்தது. ஒரு வில்லை தொங்கினாலும் அவர் டீயைக் கையில் வாங்க மாட்டார்.

அன்றைக்கு மதியம் இரண்டு மணி. பஞ்சு மெத்தைக் கிடங்கு ஒன்றில் தீ. மெத்தை எரியும் புகை மோசமானது, கறுப்பாகத் தரையோடு தவழும். நீட்டிய கை தெரியாது. வேலையாட்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டதாகக் கிடங்கு மேலாளர் தலையை எண்ணிச் சொல்லிவிட்டார். ரேடியோவும் கொக்கும் வில்லையை மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். ஒரு ஜோடிக்கு ஒரு வாக்கி டாக்கி, அது கொக்கிடம் இருந்தது. கூரைவரை அடுக்கியிருந்த மெத்தைகள் நடுவில் சரிந்தன. ரேடியோ ஒரு பக்கம், கொக்கு ஒரு பக்கம். கையிலிருந்த குழாய் நழுவிப் போனது. ரேடியோ கத்தினான், முகமூடிக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும்? முதுகிலிருந்த சிலிண்டர் காற்று குறைகிறது என்று கீச்சிட ஆரம்பித்தது. சுவரைத் தடவிக்கொண்டே தவழ்ந்தான். கையில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் தட்டுப்பட்டது. சரக்கு ஏற்றும் பின்கதவு. தோளால் இடித்துத் திறந்து பின்தெருவில் போய் விழுந்தான்.

அங்கே வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நின்றது. யாரோ தூக்கி உட்கார வைத்தார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். உயிர் பிழைத்த சந்தோஷம் ஒரு போதை மாதிரி தலைக்கேறும், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். "உள்ள எப்படிங்க இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான். ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது. மெத்தை மலை எப்படிச் சரிந்தது, தான் எப்படிச் சுவரைத் தடவினான், தாழ்ப்பாள் எப்படிக் கையில் கிடைத்தது. கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னான். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. முன்பக்கம் பலகையில் தன் வில்லை தொங்குவது அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

முன்பக்கம் கொக்கு வெளியே வந்தான். "பதினேழு, வெளியே" என்று வில்லையை எடுத்தான். பலகையைப் பார்த்தான்.

"இவன் எங்கண்ணே?"

"வரலையேப்பா" என்றார் பலகைக்காரர். "உன் கூடத்தானே இருந்தான்?"

கொக்கு எடுத்த வில்லையைத் திரும்ப மாட்டினான். "பதினேழு, உள்ளே." வாக்கி டாக்கியில் கட்டடத்தின் பக்கவாட்டில் நின்ற அதிகாரியிடம் சொன்னான். "கூரை நிக்காது, போகாத, இது ஆர்டர்" என்று அவர் கத்தினார். "ஆள் இருக்கு சார்" என்றான் கொக்கு. அவன் குரலை எல்லாரும் கேட்டது அதுதான் கடைசி.

கூரை இடிந்த சத்தம் பின்தெருவுக்கும் கேட்டது. ரேடியோ கதையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தான். பலகையில் இரண்டு வில்லைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவனுக்கு எல்லாம் அந்த நொடியே புரிந்துவிட்டது. எல்லாரும் இடிபாட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். அவன் கையை நீட்டி இருபத்து மூன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வாயைத் திறக்கவில்லை. பலகைக்காரர் மட்டும் பார்த்தார்.

கொக்கை வெளியே எடுக்க மாலையாகிவிட்டது. இருவரும் பிரிந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் கிடந்தான். சுற்றிலும் எரிந்த மெத்தைகள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடப்பட்டிருந்தன. அடியில் ஆள் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே போயிருக்கிறான். பத்து மெத்தைகளுக்கு மேல் புரட்டியிருந்தான்.

மறுநாள் குழாய் காயப்போடும் கொட்டகையில் பலகைக்காரர் ரேடியோவை ஓரமாக அழைத்துப் போனார். "எனக்கு ரிட்டையராக எட்டு மாசம் இருக்கு. உனக்கு ரெண்டு பொண்ணுங்க. போனவன் திரும்பி வரப்போறதில்லப்பா" என்றார். அவ்வளவுதான் பேசினார். அதற்கு மேல் பேசியிருந்தால் அவருக்கே அவரைப் பிடிக்காமல் போயிருக்கும்.

விசாரணை அதிகாரி கேட்டார். "எந்தப் பக்கமா வெளிய வந்தீங்க?"

"முன்பக்கம் சார்."

"வில்லைய எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார்."

பலகை சரியாக இருந்தது என்று பலகைக்காரரும் கையெழுத்துப் போட்டார். பின்தெருவில் நின்றவர்களை யாரும் விசாரிக்கவில்லை. ஆக, உள்ளே ஆளே இல்லாத இடத்துக்கு, போகாதே என்று சொன்ன பிறகும் கொக்கு போயிருக்கிறான். அறிக்கையில் அப்படித்தான் தட்டச்சு செய்தார்கள். ஆள் இருக்கு என்று அவன் சொன்னதைத் தவறான கணிப்பு என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். நிலையத்தின் முன்னால் கறுப்புக் கல் சுவர் ஒன்று இருக்கிறது, கடமையில் உயிர்விட்டவர்களின் பெயரைச் செதுக்குவதற்கு. நான்கு பெயர்கள் இருந்தன. கட்டளையை மீறிச் செத்தவனுக்கு அதில் இடமில்லை என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அதிகாரி அதை மூன்று நாள் மேஜை இழுப்பறையில் வைத்திருந்துவிட்டு, பிறகு அக்காவுக்கு அனுப்பினார்.

அதோடு விட்டதா? தெருவுக்கு ஒரு வாய் கிடைத்தால் போதாதா? மெத்தைகளைப் புரட்டிப் போட்டிருந்தான் என்ற செய்தி எப்படியோ வெளியே கசிந்தது. கிடங்கு முதலாளி மெத்தைக்குள் பணத்தை வைத்துத் தைத்திருந்தாராம், இவனுக்கு அது தெரியுமாம் என்று ஆரம்பித்தார்கள். முடிதிருத்தும் கடையில் அதை ஒருவன் கண்ணால் பார்த்தவன் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். ரேடியோ கழுத்தில் துணியோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தான். கத்தி காதருகே ஓடியது. அவன் மூச்சுவிடவில்லை. தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, அதையும் செய்யவில்லை.

நிலையத்தில் ரேடியோ நின்றுபோனது. நண்பன் போன துக்கம் என்று நினைத்து எல்லாரும் அவனிடம் அன்பாக இருந்தார்கள். அந்த அன்புதான் அவனைக் கொன்றது. டீயை முதலில் அவனுக்குக் கொடுத்தார்கள். வீட்டில் மனைவி, "உங்க வாய்க்கு யாராவது பூட்டுப் போட்டுட்டாங்களா?" என்று முதலில் கேலியாகக் கேட்டாள், பிறகு பயந்து கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். சின்ன மகள்தான் விடவில்லை. "அப்பா, அந்த மெத்தைக் கிடங்கு கதை சொல்லுப்பா" என்று மடியில் ஏறினாள். அவளை இறக்கிவிட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான்.

அக்காவின் பேருந்து தினமும் நான்கு முறை நிலையத்தைத் தாண்டியது. ஹாரன் இல்லை. அவள் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஐந்தாவது மாதம் ஒருநாள் பேருந்து எதிர் நிறுத்தத்தில் நின்றது, பிறகு கிளம்பவில்லை. அக்கா ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கினாள். பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். கையில் ஒரு பை. நேராக உள்ளே வந்து, வண்டி துடைக்கும் மேடையில் பையைக் கவிழ்த்தாள். கொக்கின் இரண்டாவது சீருடை, தோய்த்து மடித்தது. பெல்ட். அந்த நீளக் காலுக்கென்று தனியாக வாங்கிய பூட்ஸ்.

"எல்லாம் இருக்கான்னு பாத்துக்கோங்க. பிறகு இதையும் அவன் எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்வீங்க" என்றாள் பலகைக்காரரிடம்.

"என்னம்மா இப்படியெல்லாம் பேசறீங்க" என்று அவர் மென்று விழுங்கினார்.

"நானா பேசறேன்? இன்னிக்கு என் பஸ்ஸுல ஏறின ஒருத்தன், எனக்குக் கேக்கற மாதிரியே, பணத்துக்காகச் செத்தவன் அக்காடா இவள்னு பக்கத்துல இருக்கறவன்கிட்ட சொல்றான். நான் ஸ்டியரிங்க விட்டுட்டு அவன் சட்டையப் பிடிக்க முடியுமா? நாப்பது பேர் உக்காந்திருக்காங்க." அவள் ரேடியோ பக்கம் திரும்பினாள். "தம்பி, நீதான் அவன்கூட உள்ள போனவன். என் வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்டிருப்ப. வேற யாரையும் நான் கேக்கல. என் தம்பி எதை எடுக்க உள்ள போனான்? அத மட்டும் சொல்லு."

ரேடியோ கையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தான். பலகைக்காரர் இருமினார். வேண்டாம் என்று சொல்லும் இருமல்.

"என்னத்தான்க்கா" என்றான்.

"என்ன?"

"என்னை எடுக்கத்தான் போனான். என் வில்லை பலகையில தொங்கிச்சு. நான் பின்கதவு வழியா எப்பவோ வெளிய வந்துட்டேன். வந்து வில்லைய எடுக்கல. நான் உள்ள கெடக்கறேன்னு நெனச்சுட்டுப் போனான். மெத்தையப் புரட்டினது என்னைத் தேடித்தான்."

 பேருந்திலிருந்து யாரோ, "என்னம்மா, வண்டி போகுமா போகாதா?" என்று கத்தினார்கள்.

"எவ்வளவு நேரம்?" என்றாள் அக்கா.

"நாலு நிமிஷம் இருக்கும்க்கா."

"மயக்கமா கெடந்தியா?"

அவள் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொன்னால் இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சுவிடலாம். ரேடியோவுக்கு அது புரிந்தது. ஐந்து மாதம் சொன்ன பொய்க்கு இன்னும் ஒன்று சேர்க்க அவனால் முடியவில்லை.

"இல்லக்கா. பேசிட்டிருந்தேன். எப்படித் தப்பிச்சேன்னு அங்க நின்னவங்களுக்குக் கதை சொல்லிட்டிருந்தேன்."

அடிப்பாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவனும் அதற்காகக் கொஞ்சம் முகத்தைக்கூடக் காட்டினான். அவள் அடிக்கவில்லை. மடித்த சட்டையைத் திரும்ப எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். பெல்ட்டையும் பூட்ஸையும் பைக்குள் போட்டாள். பலகைக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நானும் பார்த்தேம்மா. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. சாலையைக் கடந்து போய் ஏறி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, விளக்குப் போட்டு, ஒழுங்காக வண்டியை எடுத்தாள்.

அன்று மாலையே ரேடியோ எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான். அதிகாரி படித்துவிட்டு, "உனக்கு இதுக்கு மேல உள்ள போற வேலை கிடையாது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றான். முதலில் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு குழாய் கழுவவும் காயப்போடவும் மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பலகைக்காரரிடமிருந்து பலகையைப் பிடுங்கி அவரைச் சாமான் அறையில் உட்கார வைத்தார்கள். டீ இப்போது ரேடியோவுக்கு யாரும் கொடுப்பதில்லை. அவனே போய் ஊற்றிக்கொண்டான். அவன் பக்கத்தில் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. சொல்லப்போனால் அந்த அன்பைவிட இது அவனுக்குச் சுலபமாக இருந்தது. மனைவிதான், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு அழுதாள். முடிதிருத்தும் கடையிலோ, எனக்கு அப்பவே தெரியும், அவன் தங்கமான பையன் என்று அதே ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான்.

ஐந்தாவது பெயரைச் செதுக்கி முடித்ததும் ஒரு காலையில் விழா வைத்தார்கள். வரிசையாக நின்றார்கள். மேலதிகாரி ஒருவர் வந்து புதிதாகத் தட்டச்சு செய்த தாளை வாசித்தார்: உடன் பணிபுரிந்தவர் உள்ளே சிக்கியிருப்பதாக அறிந்து, தன் உயிரைப் பொருட்படுத்தாமல், எரியும் கட்டடத்துக்குள் இரண்டாம் முறை நுழைந்து. நல்ல வாசகம்தான். அந்த உடன் பணிபுரிந்தவர் கடைசி வரிசையில், சுவர் ஓரமாக, குழாய் கழுவிய ஈரக் கால்சட்டையோடு நின்றான். வரவா வேண்டாமா என்று காலையிலிருந்து தவித்துவிட்டு வந்து நின்றவன். அக்கா ஓட்டுநர் சீருடையிலேயே வந்திருந்தாள். பதினொரு மணிக்கு அவள் வண்டி எடுக்க வேண்டும். கல்லில் தம்பியின் பெயரை விரலால் ஒருமுறை தடவினாள். எழுத்தின் குழிவில் ஒட்டியிருந்த கல்தூளை ஊதினாள்.

மேலதிகாரி கார் கிளம்பியது. வரிசை கலையப் போனது.

"யாரும் போகாதீங்க" என்றாள் அக்கா. சாமான் அறைப் படியில் நின்ற பலகைக்காரரைப் பார்த்தாள். "அந்தப் பலகைய எடுத்துட்டு வாங்க."

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். பலகை வந்தது. பதினேழு அதிலேயேதான் இருந்தது. கொக்கு மாட்டியதை இத்தனை மாதமும் யாரும் எடுக்கவில்லை, எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. அவர் அதைக் கல்லுக்கு எதிரே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இங்க வா" என்றாள். ரேடியோ வந்தான். "உன் வில்லைய மாட்டு."

சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டினான். முதல் முறை வில்லை கொக்கியில் உட்காரவில்லை, இரண்டாவது முறைதான் உட்கார்ந்தது.

"அன்னிக்கு என்ன சொல்லணுமோ அத இன்னிக்குச் சொல்லு. அவன் உன்னைத் தேடிட்டே போயிட்டான். நீ கெடைச்சியா இல்லையான்னு அவனுக்குத் தெரியாது."

ரேடியோ கல்லைப் பார்த்தான். வாழ்நாளில் அவ்வளவு பேசிய வாய் இரண்டு வார்த்தைக்குத் திணறியது. வில்லையை எடுத்தான்.

"இருபத்திமூணு, வெளியே."

"கேக்கல."

"இருபத்திமூணு, வெளியே!"

"அவனுக்குக் கேக்கணும்."

"இருபத்திமூணு, வெளியே!" கத்திவிட்டு அப்படியே முழங்காலில் விழுந்தான்.

பலகைக்காரர் திருப்பிச் சொன்னார். முப்பது வருடப் பழக்கம், யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. "இருபத்திமூணு வெளியே" என்றார், பிறகு பலகையில் மிச்சமிருந்த ஒற்றை வில்லையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அக்கா ரேடியோவைத் தூக்கிவிடவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மணியைப் பார்த்தாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள், பணிமனைக்கு நடந்து போனாள்.

பதினொன்றரைக்கு அவள் பேருந்து வந்தது. நிலையத்தைத் தாண்டும்போது குட்டையாக இரண்டு ஹாரன் அடித்தது. கொட்டகையில் குழாயை அலசிக்கொண்டிருந்த ரேடியோ நிமிர்ந்தான். பித்தளை மணி அவனிடமிருந்து பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அதைத் தட்டத் தனக்கு உரிமை இல்லை என்று அவனுக்குத் தெரியும். வேறு யாரும் தட்டவில்லை. பேருந்து வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, காத்திருந்து பார்த்துவிட்டு, போய்விட்டது.